துலூமில் ஐந்து நாட்கள்: மதிலும் கடலும் நிலத்தடி நீரும்

கலிபோர்னியாவில் பணிபுரியும் மகளிடம் ஜனவரி மாதம் செல்லவிருப்பதாகவும், அங்கிருந்து மூவருமாக மெக்சிகோவின் துலூம் நகருக்கு ஐந்து நாள் போய்வர மகள் விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊரைப் 'போஹேமியன் கடற்கரை நகரம்', அதாவது கலைஞர்களும் கட்டற்ற வாழ்க்கையை விரும்புபவர்களும் கூடும் இடம், என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டு, அறுபதைக் கடந்தவர்களும் சைவ உணவு உண்பவர்களுமான உங்களுக்கு அது ஒத்துவருமா, மாயா எனும் பழங்குடி நாகரிகத்தின் இடிபாடுகளை எப்படிப் பார்ப்பது, பாதுகாப்புக்குக் குறைவில்லையா என்று மூன்று கேள்விகளை எழுப்பியிருக்கிறீர்கள். தாராளமாகச் செல்லலாம் என்பதே என் பதில். ஆனால் அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரையில் நான்கு நாள் கிடந்துவிட்டு இடிபாடுகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்கள். நீங்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். துலூமில் பார்க்க வேண்டியவை கல்லும் நீரும். கடற்கரை அவற்றின் ஓரத்தில் இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். துலூம் என்ற ஒரே பெயர் மூன்று இடங்களைக் குறிக்கிறது. ஒன்று, கரிபியக் கடலை நோக்கிய சுண்ணாம்புப் பாறை முகட்டில் நிற்கும் பழைய மதில் நகரம். இரண்டாவது, அதற்குத் தென்மேற்கே சில கிலோமீட்டர் உள்ளே நெடுஞ்சாலையின் இருபுறமும் வளர்ந்திருக்கும் ஊர். உள்ளூர்க்காரர்கள் இதை 'புவெப்லோ', அதாவது ஊர், என்றே அழைக்கிறார்கள். மூன்றாவது, கடலுக்கும் காட்டுக்கும் நடுவே ஒற்றைச் சாலையை ஒட்டி நீளும் விடுதிப் பட்டை. இணையத்தில் காணும் படங்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவது துலூமுடையவை. நீங்கள் தங்க வேண்டியது இரண்டாவதில். கடற்கரை விடுதிகளின் வாடகையில் சிறு பகுதிக்கே ஊருக்குள் நல்ல அறை கிடைக்கும். பேருந்து நிலையமும் மருந்துக் கடைகளும் சந்தையும் நடந்து போகும் தொலைவில் இருக்கும். இரவு இசை உறக்கத்தைக் கெடுக்கும் வாய்ப்பும் குறைவு. அறையைப் பதிவுசெய்யும்போது நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மதில் நகரத்துக்கு வருகிறேன். துலூம் அமைந்திருக்கும் யுகடான் தீபகற்பத்தின் மாயா மொழியில் 'துலூம்' என்றால் மதில் அல்லது வேலி என்று பொருள். நகரம் கைவிடப்பட்ட பின்னர் வந்த பெயர் அது. அதன் பழைய பெயர் 'சமா' என்று இருந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விடியல் என்பது அதன் பொருள். கிழக்கே திறந்த முகட்டில் நின்று சூரியன் கடலிலிருந்து எழுவதைக் கண்டவர்கள் வேறு பெயர் வைத்திருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. மதில் மூன்று பக்கம் சூழ்ந்திருக்கிறது, நான்காவது பக்கத்தைச் சுமார் 12 மீட்டர் உயரமுள்ள பாறைச் சரிவும் கடலும் காக்கின்றன. நிலப்பக்கத்து மதில் ஏறக்குறைய 400 மீட்டர் நீளம். உயரம் 3 முதல் 5 மீட்டர். சில இடங்களில் அகலம் 8 மீட்டர் வரை போகிறது. மதிலில் ஐந்து குறுகிய வாயில்கள் இருக்கின்றன. குனிந்து ஒருவர் பின் ஒருவராகவே நுழைய முடிகிற அந்த வாயில்களைக் கடக்கும்போது, இது காவலுக்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லாமலே உடல் உணர்ந்துகொள்ளும்.

மாயா நாகரிகம் என்றதும் நம் மனத்தில் எழும் திக்கால், பலேங்கே போன்ற வானுயர்ந்த பிரமிடு நகரங்கள் கி.பி. 9ஆம் நூற்றாண்டிலேயே சரியத் தொடங்கிவிட்டன. துலூம் அவற்றுக்கெல்லாம் பிந்தியது. கி.பி. 564ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துத் தூண் ஒன்று இங்கே கிடைத்தது என்றாலும் (அது இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது), நகரம் செழித்த காலம் சுமார் 1200 முதல் 1450 வரை. ஆகவே எல் காஸ்தியோ எனப்படும் முதன்மைக் கட்டடம் ஏழரை மீட்டர் உயரமே இருப்பதைக் கண்டு ஏமாற்றம் அடைய வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சிறிதாகத்தான் தெரியும். துலூமைக் கட்டியவர்கள் வணிகர்கள். அவர்கள் பெருமையைக் கட்டடத்தின் உயரத்தில் தேடாமல், கடலில் தேட வேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன். இந்தக் கரைக்கு எதிரே சில நூறு மீட்டர் தொலைவில் பவளப்பாறைத் தொடர் ஒன்று ஓடுகிறது. ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள மெசோ அமெரிக்கப் பவளத் தொடரின் பகுதி அது. பாறைத் தொடரில் இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டுமே தோணி உள்ளே வர முடியும், அத்தகைய இடைவெளி ஒன்றும் அதற்கு நேரே ஒரு சிறு மணல் குடாவும் துலூமில் வாய்த்திருந்தன. எல் காஸ்தியோவின் கடல் பார்த்த சுவரில் இருக்கும் சிறு துளைகளுக்குப் பின்னால் இரவில் விளக்கு வைத்துத் தோணிகளுக்குச் சரியான வழியைக் காட்டியிருக்கக்கூடும் என்ற கருத்தும் உண்டு. எரிமலைக் கண்ணாடிக் கல், பச்சை மணிக்கல், செம்பு, உப்பு, பருத்தித் துணி, கோகோ விதை ஆகியவை இந்தத் துறை வழியே போய்வந்தன. கத்திமுனை செய்யப் பயன்பட்ட அந்தக் கண்ணாடிக் கல், ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தெற்கே குவாத்தமாலாவின் இஷ்தெபெக்கே மலையிலிருந்து வந்தது. 1502இல் கொலம்பஸ் தன் நான்காவது பயணத்தில் ஹோண்டுராஸ் கரையருகே, துணியும் செப்புப் பொருளும் கோகோவும் ஏற்றிய பெரிய தோணி ஒன்றை எதிர்கொண்டார். அதைப் போன்ற தோணிகள்தான் துலூமின் குடாவிலும் ஒதுங்கியிருக்கும். ஆகையால் அங்கே போனதும் கோயில்களுக்கு முதுகைக் காட்டி முகட்டின் வடக்கு ஓரத்தில், காற்றுக் கடவுளின் கோயில் என்று அழைக்கப்படும் சிறு கட்டடத்தின் அருகே நின்று, அலை வெள்ளையாக உடையும் கோட்டைத் தேடுங்கள். அந்தக் கோடு எங்கே அறுபடுகிறது என்று தெரிந்துவிட்டால் இந்த நகரம் ஏன் இங்கே எழுந்தது என்பதும் தெரிந்துவிடும்.

1518இல் ஸ்பானியத் தளபதி ஹுவான் தே கிரிஹால்வாவின் கப்பல்கள் இந்தக் கரையை ஒட்டிச் சென்றபோது, உடனிருந்த பாதிரியார் ஹுவான் தியாஸ், செவில் நகரத்துக்கு இணையான பெரிய நகரம் ஒன்றைக் கண்டதாக எழுதிவைத்தார். அது துலூமாகவே இருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். வெள்ளையும் சிவப்பும் நீலமும் தீட்டப்பட்ட சுவர்கள் காலை வெயிலில் கடலிலிருந்து எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நாம் கற்பனைதான் செய்ய முடியும். ஸ்பானியர்கள் வந்த பிறகும் ஏறக்குறைய 70 ஆண்டுகள் அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். பின்னர் ஸ்பானியர்கள் கொண்டுவந்த அம்மையும் பிற நோய்களும் கரையோர மக்களை அழித்து நகரத்தைக் காலியாக்கின. 1842இல் அமெரிக்கப் பயண எழுத்தாளர் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸும் ஓவியர் பிரெடரிக் கேதர்வுட்டும் வந்தபோது காடு அனைத்தையும் மூடியிருந்தது. எல் காஸ்தியோவுக்குள்ளேயே தங்கிய அவர்களைக் கொசுக்கள் படாத பாடு படுத்தின. கொசுக்கள் இன்றும் இருக்கின்றன, மாலை நேரத்துக்கான கொசுத் தடுப்புக் களிம்பை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

இடிபாடுகளுக்குள் இரண்டு கட்டடங்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். ஓவியங்களின் கோயில் எனப்படுவதன் கீழ்த்தள உட்சுவரில் நீலமும் பச்சையும் கலந்த ஓவியங்கள் இன்னும் மங்கலாக எஞ்சியிருக்கின்றன. உள்ளே செல்ல அனுமதி இல்லை என்றாலும் தூண்களுக்கு இடையே பார்க்கலாம். மூலைகளில் சுவரையே முகமாக வளைத்துச் செதுக்கியிருப்பதைத் தவறவிடாதீர்கள். இன்னொன்று, இறங்கும் கடவுளின் கோயில். அதன் வாயிலுக்கு மேலே தலை கீழாகவும் கால்கள் மேலாகவும் ஓர் உருவம் பாய்ந்து இறங்குகிறது. அது யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. சிலர் வெள்ளிக் கோளோடும், சிலர் மழையோடும், சிலர் தேனீக்களின் தெய்வத்தோடும் தொடர்புபடுத்துகிறார்கள். தேனீ விளக்கத்தின்பால் எனக்குச் சாய்வு அதிகம். ஏனென்றால், கொடுக்கில்லாத ஒரு சிறு தேனீயை மரக்கட்டைகளில் வளர்த்துத் தேனும் மெழுகும் எடுப்பது மாயாக்களின் மிகப் பழைய தொழில். யுகடான் தீபகற்பம் முழுவதும் தேனுக்குப் பெயர் பெற்றிருந்தது. இன்றும் அந்தத் தேனீயை 'சூனான் காப்', அதாவது தேனீச் சீமாட்டி, என்றழைத்துச் சில கிராமக் குடும்பங்கள் வளர்க்கின்றன. பூவை நோக்கித் தலைகீழாய் இறங்கும் தேனீயைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிற்பம் அந்நியமாகத் தெரியாது.

காலை எட்டு மணிக்குத் திறக்கும்போதே வாயிலில் இருங்கள். பத்து மணிக்குமேல் கான்கூன் பக்கத்திலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேரும், வெயிலும் ஏறிவிடும், உள்ளே நிழல் மிகக் குறைவு. இடிபாடுகள் இப்போது 'ஜாகுவார் பூங்கா' எனப்படும் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் அமைந்திருப்பதால், தொல்லியல் துறைக்கான நுழைவுச்சீட்டும் பூங்காவுக்கான கட்டணமும் தனித்தனியாகக் கேட்கப்படக்கூடும். அவை அதிகாரபூர்வமான சாளரங்களில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும். சாலையோரத்தில் சீருடை போன்ற சட்டையுடன் வண்டியை நிறுத்தச் சொல்பவர்கள் தரகர்கள். உள்ளே தரை சமமானது, ஏற வேண்டிய படிகள் அதிகமில்லை; எந்தக் கட்டடத்தின் மீதும் ஏற அனுமதியும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது நல்ல செய்திதான். உடும்பைப் போன்ற இகுவானாக்கள் கற்களின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், அவற்றுக்கு உணவு கொடுக்காதீர்கள்.

பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் ஒன்றையும் நான் சொல்லியாக வேண்டும். துலூமின் வரலாறு 16ஆம் நூற்றாண்டில் முடிந்துவிடவில்லை. 1847இல் யுகடானின் மாயாக்கள் தங்கள் நிலத்தைக் கரும்புத் தோட்டங்களுக்காகப் பறித்தவர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். 'சாதிப் போர்' என்று ஸ்பானிய மொழியில் பெயர் பெற்ற அந்தப் போர் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. தோல்வியின் விளிம்பில் காட்டுக்குள் ஒதுங்கியவர்களுக்கு ஒரு மரச் சிலுவை பேசி வழிகாட்டியது என்ற நம்பிக்கை பிறந்தது. அதைச் சுற்றி அவர்கள் தங்களுக்கென ஓர் அரசையே நடத்தினார்கள். அதன் தலைமையிடம் இன்று பெலிப்பே கார்ரியோ புவெர்த்தோ எனப்படும் ஊர். துலூமிலும் அத்தகைய சிலுவை ஒன்று இருந்தது, 1870களில் அதைக் காத்து வழிநடத்தியவர் மரியா உய்காப் என்ற பெண். அவரை மக்கள் துலூமின் அரசி என்று அழைத்தார்கள். 1901இல் மெக்சிகோவின் படை தலைமையிடத்தைக் கைப்பற்றிய பிறகும் உட்காட்டுக் கிராமங்கள் பல ஆண்டுகள் பணியவில்லை. நீங்கள் விடுதியில் சந்திக்கப்போகும் சமையற்காரரோ தோட்டக்காரரோ அந்தப் போராளிகளின் கொள்ளுப்பேரனாக இருக்கலாம். மாயாக்கள் 'மறைந்துபோனார்கள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யுகடான் மாயா மொழியை மெக்சிகோவில் இன்று ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசுகிறார்கள்.

'போஹேமியன்' என்ற சொல் இந்த ஊரின்மேல் ஏறியது மிக அண்மையில்தான். துலூம் அடங்கிய கிந்தானா ரோ 1974இல்தான் மாநிலமானது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் கான்கூன் ஒரு திட்டமிட்ட சுற்றுலா நகரமாகக் கட்டப்படத் தொடங்கியது. அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே, மீனவர்களும் தென்னந்தோப்புகளும் சப்போட்டா மரப்பால் எடுப்பவர்களும் இருந்த இந்தக் கரையில், முதுகுப்பை சுமந்த பயணிகள் பனையோலைக் குடில்களில் மின்சாரமின்றித் தங்கத் தொடங்கினார்கள். மெழுகுவத்தி வெளிச்சமும் மணல் தரையும் ஏழ்மையின் அடையாளமாக இல்லாமல் விருப்பத்தின் அடையாளமாக மாறியது அப்போதுதான். பிறகு யோகாசனக் கூடங்கள், பிறகு ஆடையலங்காரக் கலைஞர்கள், பிறகு இரவு முழுவதும் ஒலிக்கும் மின்னிசை விழாக்கள் என்று வந்து சேர்ந்தன. 2010இல் 28 ஆயிரமாக இருந்த துலூம் நகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை 2020இல் 46 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கடற்கரைச் சாலையில் இப்போது மணல் தரையும் ஓலைக் கூரையும் இருக்கின்றன, எளிமை இல்லை. ஒரு மாலை அந்தச் சாலையில் நடந்து, மரச் சிற்பங்களையும் கொடிகள் பின்னிய முகப்புகளையும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அதற்கு மேல் அங்கே செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஊருக்குள் சுவரோவியங்களும் சிறு கைவினைக் கூடங்களும் மாலையில் பிள்ளைகள் ஓடி விளையாடும் சதுக்கமும் இருக்கின்றன. பழைய துலூமின் இயல்பான தோழமை அங்கேதான் எஞ்சியிருக்கிறது.

(சப்போட்டா என்று சொன்னேன் அல்லவா, நம் தோட்டத்தில் காய்க்கும் அதே மரம்தான். அதன் தாயகம் இந்தக் காடுகளே. பெயரும் மெக்சிகோவின் நவாத் மொழிச் சொல்லிலிருந்து ஸ்பானிய மொழி வழியே நம்மை வந்தடைந்தது. அதன் பாலைக் காய்ச்சித்தான் மெல்லும் பசை, அதாவது சூயிங்கம், செய்தார்கள். உளுத்துப்போகாத அதன் கட்டையை மாயாக்கள் கோயில் வாயில்களுக்கு உத்தரமாக வைத்தார்கள்.)

நீரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நிலத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. யுகடானின் வடபகுதியில் ஆறு என்று ஒன்று தரைமேல் ஓடுவதில்லை. மழைநீர் முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் வழியே கீழே இறங்கி, குகைகளில் ஓடிக் கடலைச் சேர்கிறது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடங்களில் நீர் வெளியே தெரிகிறது. அத்தகைய நீர்நிலையை மாயா மொழியில் 'ட்ஸோனோட்' என்பார்கள், ஸ்பானியர் நாவில் அது 'செனோட்டே' ஆயிற்று. குடிநீரைத் தந்ததால் அவை புனிதமாகக் கருதப்பட்டன. மழைத் தெய்வமான சாக்கின் வாயில்களாகவும் எண்ணப்பட்டன. துலூமைச் சுற்றியுள்ள நீர்க்குகைகள் உலகிலேயே மிக நீளமானவை. 2018 ஜனவரியில் சாக் அக்தூன், தோஸ் ஓஹோஸ் என்ற இரு குகைத் தொடர்களும் இணைந்தவை என்று முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தபோது அதன் அளந்தறிந்த நீளம் 347 கிலோமீட்டராக இருந்தது. அதே தொடரில் ஓயோ நெக்ரோ எனும் ஆழமான குழியில் 2007இல் ஓர் இளம்பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. 12,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது அது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் மிகவும் தாழ்ந்திருந்ததால் குகைகள் வறண்டிருந்தன, அவள் நடந்து உள்ளே போய் இருளில் தவறி விழுந்திருக்கிறாள். நீங்கள் நீரில் மிதந்தபடி மேலே பார்க்கும் கல்விழுதுகளும் குகை உலர்ந்திருந்த அந்தக் காலத்தில் சொட்டுச் சொட்டாக வளர்ந்தவையே.

ஊரிலிருந்து கோபா என்ற இன்னொரு மாயா நகரத்துக்குச் செல்லும் சாலையில் நான்கு கிலோமீட்டரளவில் இருக்கும் கிரான் செனோட்டே உங்களுக்குப் போதுமானது. மரப்படிகளும் நிற்பதற்கு ஆழமற்ற இடமும் உயிர்காப்பு மேலாடையும் அங்கே உண்டு. நீச்சல் தெரியாவிட்டாலும் பயப்பட வேண்டியதில்லை. சிறிய ஆமைகள் கூடவே நீந்தும். நீரில் இறங்குமுன் குளித்துவிட்டு இறங்கச் சொல்வார்கள். வெயில் களிம்பு, வாசனைத் தைலம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. இதை ஒரு சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நிலத்தில் மண் மெலிது, கல் துளைகள் நிறைந்தது. தரையில் கொட்டும் எதுவும் வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரில் கலந்து, அங்கிருந்து பவளப்பாறைக்குப் போய்விடும். ஊர் வளர்ந்த வேகத்துக்குக் கழிவுநீர் அமைப்பு வளரவில்லை என்பதுதான் துலூமின் மிகப் பெரிய துயரம். கான்கூனையும் துலூமையும் இணைக்கும் மாயா ரயில் பாதைக்காகத் தூண்கள் சில இடங்களில் குகைகளின் கூரையைத் துளைத்து இறக்கப்பட்டபோது, அறிவியலாளர்களும் முக்குளிப்பவர்களும் கடுமையாக எதிர்த்ததற்கும் இந்தக் கவலையே காரணம். தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கழிவுநீரை எப்படிச் சுத்திகரிக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் செய்பவர்களும் பெருகுவார்கள்.

கடலைப் பொறுத்தவரை ஜனவரி நல்ல தேர்வு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். 2024 ஜூலையில் பெரில் சூறாவளி துலூமுக்கு அருகில்தான் கரையைக் கடந்தது. 2011 முதல் அட்லாண்டிக்கில் பெருகிவரும் சர்காசம் எனும் பழுப்புக் கடற்பாசி ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கரையில் குவிந்து அழுகி முட்டை நாற்றம் வீசும். ஜனவரியில் அந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு, ஆனால் குளிர்காற்று வீசும் நாள்களில் அலை உயரும். கொடிகளைக் கவனியுங்கள்: பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கவே வேண்டாம். மெக்சிகோவின் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. விடுதிகள் மணலை வளைத்து வைத்திருப்பதுபோல் தெரிந்தாலும் பொதுப்பாதை எங்கே என்று கேட்டு அதன் வழியே செல்லலாம்.

ஒரு முழு நாளைக் கோபாவுக்குக் கொடுங்கள். 45 கிலோமீட்டர் வடமேற்கே, ஏரிகளுக்கு நடுவே, காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் மிகப் பெரிய நகரம் அது. துலூமில் இல்லாத உயரம் இங்கே இருக்கிறது: நோஹோச் முல் பிரமிடு 42 மீட்டர். அதன்மீது ஏறுவதற்கான விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன. கீழிருந்தே அண்ணாந்து பார்ப்பது உங்களுக்குப் போதும். நடை அதிகம் என்பதால் உள்ளேயே கிடைக்கும் மூன்று சக்கர மிதிவண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். நீங்கள் செல்லும் பாதையே பழைய 'சக்பே'யின் மேல் போகக்கூடும். சக் என்றால் வெள்ளை, பே என்றால் பாதை. சுண்ணாம்புக் காரை பூசிய இத்தகைய வெள்ளைப் பாதைகள் ஐம்பதுக்கு மேல் கோபாவிலிருந்து பிரிந்தன, அவற்றில் ஒன்று 100 கிலோமீட்டர் நேராக யாசுனா என்ற மாயா நகரம் வரை சென்றது. சுமை இழுக்கும் விலங்கோ சக்கர வண்டியோ இல்லாத மக்கள் அதைப் போட்டார்கள். இன்றும் மாயாக்கள் ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கும்போது 'பீஷ் அ பேல்' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உன் பாதை எப்படி இருக்கிறது' என்று கேட்பதாகும். மகளை இதை மட்டும் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள், விடுதியில் மாயா பேசுவோரிடம் சொன்னால் அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். கோபாவின் மாகன்ஷோக் பகுதியில் இருக்கும் முதலாம் எழுத்துத் தூணையும் தேடிப் பாருங்கள். மாயாக்கள் இருபதின் அடுக்குகளில் எண்ணியவர்கள், உலகம் கி.மு. 3114இல் தொடங்கியது என்று கொண்ட அவர்கள், அந்த நாளைக் குறிக்கும்போது அதற்கு மேலே இன்னும் பத்தொன்பது கால அடுக்குகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். யுகம், கற்பம் என்று காலத்தை அளந்தவர்களின் வழிவந்த நமக்கு அதன் முன் நிற்பது தனி அனுபவம்.

உணவு குறித்து அஞ்ச வேண்டாம், ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மெக்சிகோவில் பீன்ஸைப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் தாளிப்பார்கள், சோற்றைக் கோழிச் சாற்றில் வேகவைப்பதும் உண்டு. 'சைவம்' என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொடுப்பார்கள். ஆகவே 'சின் கார்னே, சின் மந்தேக்கா, சின் கால்தோ தே போயோ' என்று எழுதிவைத்துக் காட்டுங்கள்: இறைச்சி வேண்டாம், கொழுப்பு வேண்டாம், கோழிச் சாறு வேண்டாம். பூசணி விதையை வறுத்துத் தக்காளியோடு அரைத்த 'சிக்கில் பாக்' நம் துவையலுக்கு உறவினர். சாயா என்ற கீரை அரைத்த பானமும், சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தை அரைத்துத் தட்டிய ரொட்டியும், முட்டை உண்பவர்களாயின் பூசணி விதைக் குழம்பில் தோய்த்த 'பாபாட்சூல்' எனும் பண்டமும் யுகடானுக்கே உரியவை. அபனேரோ மிளகாய்ச் சாறு தனியாக வைக்கப்படும். நம் காரத்தில் பழகிய நாக்கும் முதலில் ஒரு சொட்டுடன் நிறுத்திக்கொள்வது நல்லது. குழாய் நீரைக் குடிக்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2021 அக்டோபரில் போதைப்பொருள் கும்பல்களுக்கு இடையே நடந்த துப்பாக்கிச் சண்டையில், உணவகத்தில் அமர்ந்திருந்த இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் இறந்தார்கள். ஒருவர் ஜெர்மானியர், மற்றவர் இந்தியாவில் பிறந்தவர். அந்த வன்முறையின் வேர் பயணிகள் வாங்கும் போதைப்பொருளில்தான் இருக்கிறது, அது கைமாறும் இடங்கள் பெரும்பாலும் நள்ளிரவு மதுக்கூடங்களே. விடியலில் எழுந்து இடிபாடு பார்த்து இரவு ஒன்பதுக்கு உறங்கப்போகும் உங்களுக்கு அந்த அபாயம் மிகக் குறைவு. அன்றாடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது பணத்தில்தான். வாடகைக் காரில் மீட்டர் இருக்காது என்பதால் ஏறுமுன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். டாலரில் சொன்னால் பெசோவில் எவ்வளவு என்று கேட்டு பெசோவிலேயே கொடுங்கள். பணத்தை வங்கிக்குள் இருக்கும் இயந்திரத்தில் எடுங்கள்.

பயண ஆவணங்கள்: இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களிடம் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை. ஆனால் உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்றும், மகள் திரும்பி நுழைவதற்கான ஆவணங்கள் சரியாக இருக்கின்றனவா என்றும் பயணச்சீட்டு வாங்குமுன் பார்த்துவிடுங்கள். துலூமுக்கென 2023 டிசம்பரில் ஒரு விமான நிலையம் திறக்கப்பட்டிருக்கிறது என்றாலும் கான்கூனுக்கே விமானங்கள் அதிகம். அங்கிருந்து குளிரூட்டப்பட்ட பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஊருக்குள் இறங்கலாம். ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருப்பதால், பைகளோடு வரும் உங்களுக்கு அதைவிடப் பேருந்தே வசதி.

வந்த நாள் ஓய்வு, இரண்டாம் நாள் காலை மதில் நகரம், மூன்றாம் நாள் கோபா, திரும்பும் வழியில் செனோட்டே, அடுத்த நாள் கடற்கரை என்று வைத்துக்கொண்டால், ஐந்தாம் நாளுக்கு முயிலை விட்டுவையுங்கள். விமானத்தை மட்டும் அன்று இரவுக்கோ மறுநாளுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குத் தெற்கே 20 கிலோமீட்டரளவில், கூட்டமே இல்லாத ஒரு சிறிய மாயா நகரம் அது. அதன் பின்னால் ஒரு மரப்பாதை சதுப்புக் காட்டின் வழியே ஏரிக்கரைக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து சியான் கான் தொடங்குகிறது. 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட காப்பகம் அது. உள்ளூர் மாயாக்களின் கூட்டுறவு அமைப்புகள் படகில் அழைத்துச் சென்று, இரண்டு ஏரிகளைக் கடந்து, குறுகிய கால்வாய் ஒன்றின் முகப்பில் இறக்கிவிடுவார்கள். உயிர்காப்பு மேலாடையைக் கட்டிக்கொண்டு நீரில் சாய்ந்தால் போதும், நீந்த வேண்டியதே இல்லை. அலையாத்திகளுக்கும் கோரைப் புல்லுக்கும் நடுவே தெளிந்த நன்னீர் உங்களை மெல்ல இழுத்துக்கொண்டு போகும். குவாத்தமாலாவின் கண்ணாடிக் கல்லும் பச்சை மணிக்கல்லும் ஏற்றிய தோணிகள் கடலிலிருந்து உள்நாட்டுக்கு வந்தது இந்தக் கால்வாய் வழியேதான். ஆழம் குறைந்த இடங்களை மாயாக்களே வெட்டி அகலப்படுத்தினார்கள் என்கிறார்கள், கரை நேராக இருக்கும் பகுதிகளைப் படகோட்டி உங்களுக்குக் காட்டுவார்.